மணல் மூட்டைகள்

பங்குனி, செவ்வாய்க்கிழமை.

மலைமேல் ஏலத்தோட்டத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்த டிரெய்லரை இழுக்க வேண்டுமே என்று, போன வாரம் கம்பம் டவுனில் ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டேன். "பாரம் இருந்தா தொட்டிலாட்டம் போகும்ணே. காலியாப் போனா தூக்கித்தான் போடும்" என்று மெக்கானிக் பாய் அப்போதே சொன்னார்.

இன்று அதே ஜீப்பில்தான் மனைவி செல்வியைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் வந்துவிட்டது. உத்தமபாளையம் தாண்டுவதற்குள் பள்ளத்துக்குப் பள்ளம் துடித்துப்போனாள். "டிரெய்லரையும் மாட்டிட்டு வந்திருக்கலாம்ல. தொட்டிலாட்டம் போகும்னு பாய் சொன்னாகளே" என்று சிரிக்கப் பார்த்தாள்.

சின்னமனூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு, நாலு மணல் மூட்டையைப் பின்னால் ஏற்றினேன். வண்டி அமுங்கியது. அதற்குப்பிறகு குலுக்கல் இல்லை. செல்வி என் மனைவியாகி இத்தனை வருடத்தில், ஜீப்பில் தூங்கி இன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே இவ்வளவு தூரம் அலைய வைக்காதீங்க. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்றார். வெளியே வந்து, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

வீட்டில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மூட்டைய எறக்கிறாதீக. அடுத்த வாரமும் போகணும்ல."

சரி என்றேன்.

விடிந்தால் தொட்டியை இழுக்க வேண்டும். அந்த மூட்டைகளை இறக்காமல் வண்டி மலை ஏறாது. அவள் படுத்திருக்கிற ஜன்னலுக்கு நேரேதான் ஜீப் நிற்கிறது.