நழுவினால் பிடிக்காதே

ஊருக்குக் கிளம்பியபோது நீ அறையில் விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட கைலியைத்தான் வீட்டில் இன்னும் கட்டுகிறேன். துணி நைந்துவிட்டது, முடிச்சு நிற்பதில்லை. இன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, அடுப்படியில் டீக்கு நின்றபோது அது இடுப்பில் நழுவியது. கை தானாகப் பாய்ந்து பிடித்தது. பிடித்தபடியே நின்றுவிட்டேன். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உனக்குத்தான் முதலில் போன் செய்திருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பட்டாளத்தில் நாம் தோளில் நீளத் துப்பாக்கி சுமந்தவர்கள். பஹ்ரைனுக்கு வந்து, ஒரு பெரிய வியாபாரியின் கூடவே போகும் காவல் வேலையில் சேர்ந்த பிறகுதான் சட்டைக்குள் பிஸ்டலை மறைத்து வைக்கும் பிழைப்பு. சேம்பரில் தோட்டா ஏற்றியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. விசையை அழுத்தினால் போதும், வெடிக்கும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் நிற்பவனைப் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பெருமையாக இருந்தது. உனக்குப் பயமாக இருந்தது. அதற்காக உன்னை எவ்வளவு ஓட்டியிருக்கிறேன்!

உனக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை, வளையாத தடித்த பெல்ட். டூட்டி முடிந்தால் பிஸ்டலைத் தனியே உருவாமல் உறையோடு கழற்றிக் கொடுப்பாய். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. "நழுவுனா விழட்டும் மாப்ள, பிடிக்காத. இந்த பிஸ்டல் கீழ விழுந்தா வெடிக்காது. பிடிக்கப் போனா வெரல் எங்க போகும்னு ஒனக்கே தெரியாது. கைலிய பிடிச்சுப் பிடிச்சுப் பழகுன கைடா இது."

சொன்னதோடு விட்டாயா? அறையில் சோப்பு டப்பாவை இடுப்பில் செருகி, அதை நழுவவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பழகுவாய். நம் அறையிலிருந்த வங்காளக்காரர் உனக்குக் கிறுக்கு என்றே முடிவுகட்டியிருந்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

அவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்த உன்னிடம்தான் அது ஒருநாள் வெடித்தது. முதலாளி வீட்டு வண்டி நிறுத்துமிடத்தில், பிஸ்டலை உறையில் திரும்பச் செருகும்போது சட்டையின் ஓரம் உள்ளே மாட்டி விசையை அழுத்திவிட்டது. குண்டு உன் செருப்புக்குப் பக்கத்தில் தரையைப் பெயர்த்தது. நம்மைத் தவிர அங்கே யாருமில்லை. "டயர் வெடிச்சுதுன்னு சொல்லிரலாம், யாருமே பாக்கல" என்றேன். "நீ பாத்த, நான் பாத்தேன். போதாதா?" என்று சொல்லிவிட்டு நேராக ஆபீசுக்குப் போனாய். துப்பாக்கி அனுமதி போயிற்று, வேலை போயிற்று. பிழைக்கத் தெரியாதவன் என்று நினைத்தேன். ஊரில் உனக்கு நெஞ்சுவலி வந்து முடிந்துபோன செய்தி வந்தபோதும், அழுகையோடு அந்த நினைப்பும் இருந்தது.

இன்று மத்தியானம் முதலாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் முறை மாறி இன்னொருவன் வந்ததும் கழிப்பறைக்குப் போனேன். தொப்பை போட்டுவிட்டது என்று தடித்த பெல்ட்டை விட்டுவிட்டு மெல்லிய பெல்ட்டுக்கு மாறியிருந்தேன். கொக்கியைக் கழற்றியதும் பெல்ட் துவண்டது, உறை சாய்ந்தது, பிஸ்டல் நழுவியது. கை பாய்ந்துவிட்டது. பிடித்த பிறகு பார்க்கிறேன், என் விரல் விசைமேல் இருக்கிறது. பிஸ்டலின் குழல் பக்கத்துத் தடுப்பைப் பார்த்திருக்கிறது. தடுப்புக்குக் கீழே, நடந்தால் மின்னுமே, அந்த மாதிரி லைட் வைத்த குட்டி ஷூ இரண்டு. ஒரு தகப்பன் தன் மகளிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தான்.

வெடிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. என் திறமையால் இல்லை.

வெளியே வந்தால் அந்தக் குழந்தை கை கழுவ நிற்கிறது. சோப்பு எட்டவில்லை. "அங்கிள், சோப்" என்றது. அதே கையால் அழுத்திக் கொடுத்தேன். "தேங்க்யூ அங்கிள்" என்றபோது கூசிப்போனேன் மாப்ள. அப்படிக் கூசியது என் வாழ்நாளில் இல்லை.

ஒருவரும் பார்க்கவில்லை. சொன்னால் அனுமதி போகும், விசா போகும். மகள் ஈசா டவுன் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள், பரீட்சை நெருங்குகிறது. வண்டியில் வரும் வழியெல்லாம் இதையே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே? ஒருத்தரும் காணேல்லைத்தானே? பிறகேன் சொல்லுறியள்?" என்றார். அன்றைக்கு நான் உன்னிடம் பேசிய அதே பேச்சு. உன்னைப் போல நறுக்கென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "அந்தப் புள்ளையோட ஷூ கண்ணுலயே நிக்குது சார்" என்றேன். "பிஸ்டலைத் தந்திட்டுப் போங்கோ. மிச்சத்தை நாளைக்குக் கதைப்பம்" என்றார். உறையோடு கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சற்று முன்பு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்பு டப்பாவை இடுப்பில் செருகி நழுவவிட்டுப் பார்த்தேன். எத்தனை முறை விட்டாலும் கை பாய்ந்து பிடித்துவிடுகிறது. சத்தம் கேட்டு மகள் கதவைத் தட்டினாள். "அப்பா, ஆர் யூ ஓகே?"

இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன்.