காப்பித் தோல் பனி

ஞாயிற்றுக்கிழமை, படுக்கப் போகும் முன்

இளவயதில் அந்த டைரக்டர் எனக்குக் கடவுள். நாகலூரில் அவர் படம் எடுக்க வந்தபோது பனி இறங்கவேயில்லை. ஈரமான காப்பிக்கொட்டைத் தோலைக் குவித்து, புகைமூட்டம் போட்டு, பனி செய்து கொடுத்தவன் நான். எரித்தது இரண்டு மூட்டை. ஊரில் நான் சொல்லி வருவது இருபது. அப்புறம் அவர் படங்கள் வரிசையாகப் படுத்தன. "என் புகை இல்லாமல் அவருக்குப் படம் வராது" என்று சொல்லிச் சொல்லியே அவரை மதிப்பதை விட்டுவிட்டேன்.

இன்று அவரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. சுற்றி ஊரே நின்றது.

"அந்தப் பனிக்காகப் பத்து நாள் காத்திருந்தேங்க. அத்தனையும் நிஜப் பனி" என்றார்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்ற என் மச்சினன் சும்மா இருப்பானா?

"ஏனுங்க மாமா, அந்தப் பனி நீங்க போட்டதுன்னு சொன்னீங்களே?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டைரக்டரும் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல். என் முப்பது வருடப் பெருமை ஒரு பக்கம், அவர் மானம் ஒரு பக்கம்.

"அட, அது சும்மா சொன்னதுங்க. பத்து நாளும் நானும் கூடவே குளிர்ல காத்துக் கெடந்தனுங்க" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து என் தோளில் கை போட்டார். "இவர மறப்பேனா? பனி வருதுன்னு முதல்ல மோப்பம் புடிச்சதே இவருதான்!"

என்னைவிடச் சரளமாகப் புளுகுகிறார். நான் மறுபடியும் அவருடைய ரசிகன். எத்தனை மைலுக்கு அப்பால் மோப்பம் பிடித்தேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நாளைக்கு நான்தான் முடிவு செய்ய வேண்டும்.