பெயர்ச்சீட்டை மறைத்த இசைத்தட்டு

புவெனஸ் அயர்ஸ், ஜூலை 1977

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்.

எங்கள் சனிக்கிழமை ஜாஸ் வட்டத்தில் இசைத்தட்டின் பெயர்ச்சீட்டை மறைத்துப் போட்டு, வாசிப்பவர் யாரென்று கண்டுபிடிப்போம். புதிதாகச் சேர்ந்த பெரால்டா மட்டும், "இது யாரு கொண்டுவந்த தட்டு?" என்றே கேட்பார்.

"என்னோடதுதான். ட்ரம்பெட் எது, சாக்ஸபோன் எதுன்னே தெரியல, உமக்கு எதுக்கய்யா இந்தக் கவலை?" என்று ஒராசியோ மாமா கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். மறுவாரம் மாமா வரவில்லை. நம்பர் பலகை இல்லாத காரில் வந்த ராணுவ ஆட்கள் ஏற்றிப்போனார்களாம்; இன்னும் ஒரு தகவலும் இல்லை.

நீங்கள் கொடுத்த தட்டை நேற்று வட்டத்தில் போட்டேன்.

"யாரோடது, பாப்பா?" என்றார் பெரால்டா.

"எங்க அப்பாவோடது!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஊரைக் கேட்டார், அதையும் சொன்னேன்.

இங்கே குளிர் அதிகம். என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். வேண்டாம், கடிதம் கிடைத்த கையோடு நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள். வீட்டைப் பூட்டக்கூட நிற்காதீர்கள்.

உங்கள் எல்வீரா