ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன வள்ளம்

கோபத்துக்கு நடுவிலும் சிரித்துவிடுகிற என் மைனிக்கு,

நீங்கள் போன பிறகு ஆண்டுவிழா நாடகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அண்ணன் மனைவி நடத்தியதை நாத்தனார் நடத்தட்டுமே என்று சொன்னார்களாம். கணக்கு டீச்சருக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கதை உருவாக்காவிட்டால் இந்த வருடம் நாடகம் கிடையாது, சினிமாப் பாட்டுக்கு ஆட்டம்தான் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். நீங்கள் வருடாவருடம் நடத்தியது என் கையில் நின்றுபோகுமோ என்று பயந்தே போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்தேன். பேய், செல்போன், மாமியார் சண்டை என்று ஏதேதோ சொன்னார்கள். எல்லாம் டிவியில் பார்த்தது. கடைசியில் செல்வி எழுந்தாள். வயலுக்கு நடுவே இருக்கிற ஊர்ப் பிள்ளை, லேசில் வாய் திறக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார் என்று ஆரம்பித்தாள். நான் போர்டில் எழுதினேன்.

கடற்கரை ஊரான முட்டத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "ஞாயித்துக்கிழமை யாரு மக்கா கடலுக்குப் போவா? நாங்க மாதா கோயிலுக்குல்லா போவோம்" என்றாள் ஜெனி. செல்வி முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள். நானும் அழிக்க டஸ்டரை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உங்கள் நினைப்பு வந்தது. எந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னாலும் நீங்கள் அழிக்கமாட்டீர்களே. "அப்படி நடந்துட்டுன்னா?" என்றுதானே கேட்பீர்கள்? அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம், மைனி! அதையே நானும் கேட்டேன்.

சிரித்த ஜெனியே மெதுவாகச் சொன்னாள்: "சனிக்கிழமை போன வள்ளம் திரும்பலன்னா போவோம் டீச்சர். பூசைய விட்டுட்டு எல்லாரும் போவோம்."

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பாதிப் பூசையில் சேதி வருகிறது, பாட்டு நின்றுபோகிறது, சாமியாரே முதல் ஆளாகக் கடற்கரைக்கு ஓடுகிறார். செல்வி தன் இடத்தை விட்டு ஜெனியின் பெஞ்சுக்கே போய்விட்டாள். மறுநாள் ஹெச்.எம். கதையைக் கேட்டார். ஆட்டத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

முடிவில்தான் சண்டை. காணாமல்போனவர் திரும்பாவிட்டால்தான் ஜனம் அழும் என்றார்கள் பலர். செல்வி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அவரு வரட்டும் டீச்சர்" என்றாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோமே, அது ஞாபகம் வந்தது.

வரட்டும், மைனி. யார் என்ன சொன்னாலும் அந்த வள்ளத்தை நான் கரைசேர்த்துவிடுகிறேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கலா