ஷார்கோவுக்குக் காற்று வேண்டுமாம்

அன்பான அம்மாவுக்கு,

முதலில் உன் முழங்காலுக்கு என் வணக்கம். இப்போதாவது மாடிப்படி ஏற விடுகிறதா? நான் சுகம். உடம்புக்கு வந்தது என் பச்சோந்தி ஷார்கோவுக்குத்தான்.

எதிரெதிர் ஜன்னல் திறந்தால் நடுவில் ஓடும் காற்று ஆளையே கொன்றுவிடும் என்று நீ சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். நான் இருக்கும் இந்த ட்ரியெஸ்தே ஊர்க் காற்றோ பேய்க்காற்று. கூண்டைச் சுற்றித் துண்டால் அடைத்தேன். ஒரே வாரத்தில் ஷார்கோ வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

இங்குள்ள மிருக டாக்டர் மிலேவாவும் நம் நீஷ் ஊர்க்காரர்தான். "காத்தே இல்லாம மூடி வச்சா சளி கட்டாம என்ன செய்யும்? யாரு மூடச் சொன்னது?" என்று கத்தினார்.

"எங்கம்மா."

"எங்கம்மாவும்தான்," என்று சிரித்தவர், "சரி, அந்தக் கதவைச் சாத்து. முதுகுல காத்தடிக்குது" என்றார்.

இப்போது தினம் இரண்டு சொட்டு மருந்து. இலையில் தெளிக்கும் தண்ணீரை நக்கிக் குடிக்கிறது. நம் பாஷையில் நான் பேசினால் ஒரு கண்ணை என் பக்கம் திருப்புகிறது. வீட்டில் அதைக் கேட்க வேறு யார்?

ஜன்னல் திறந்தே இருப்பதால் எனக்கொரு கம்பளி மஃப்ளர் பின்னு. தபாலில் அனுப்பாதே, தொலைந்துவிடும்.

நம் ஊரிலிருந்து இங்கே நேராகப் பஸ் வருகிறது. "ஜன்னலைச் சாத்து" என்று பதில் எழுதாதே, அம்மா. நேரில் வந்து சாத்து.

உன் ஸ்லாவிட்சா