அம்மாவின் முகத்தில் நான் அழித்தவை

மார்ச் 3
அம்மாவின் முகத்தைத் தின்றது அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்தான். அவளுக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருடமாகக் கொதிநீர் ஆவியும் வெளுப்பு மருந்தும் அடித்து, கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, வாயோரம் இரண்டு பக்கமும் பள்ளம். புருவம் பாதி உதிர்ந்துவிட்டது. அங்கே மேற்பார்வையாளருக்கும் அதே வயதுதான். கண்ணாடி அறை, ஏசி. நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. வயது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏறுகிறது என்று சொல்பவனை ஒரு வாரம் அந்த ஆவியில் நிறுத்த வேண்டும்.

மார்ச் 6
சலவைக்கூட வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் வைக்கப் போகிறார்கள். அதற்கான படங்களை எடுக்கும் வேலை நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கே வந்தது. முப்பது பேர். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்ததும், புதிதாகச் சேர்ந்த லைட் பையன் என் பக்கம் குனிந்து, "உங்க பாட்டியா அக்கா?" என்றான்.
"தெரிஞ்சவங்க" என்றேன்.
எப்படி வந்தது அந்த வார்த்தை?

மார்ச் 7
இருபத்தொன்பது படங்களை எடுத்தபடியே அனுப்பினேன். அம்மாவுடையதில் மட்டும் கை வைத்தேன். ஸ்டுடியோ முதலாளியின் சட்டம் எனக்குத் தெரியும்: கல்யாணப் படத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அடையாளப் படத்தில் ஒரு பருகூடக் குறையக் கூடாது. தெரிந்துதான் செய்தேன். பையை அழித்தேன், பள்ளத்தை நிரப்பினேன், புருவம் வரைந்தேன். ஒரு மணி நேரத்தில் முப்பது வயது. அசலின் மேலேயே சேமித்து, அதையே அனுப்பிவிட்டேன்.
வீட்டில் காட்டியபோது அம்மா சிரித்தாள். "யாருடி இவ, என் தங்கச்சியா? நல்லாச் சாப்பிட்டுத் தூங்குறவ மாதிரி இருக்கா." "ஸ்டுடியோ லைட்டுல அப்படித்தாம்மா விழும்" என்றேன்.

மார்ச் 16
இயந்திரம் அம்மாவைத் தெரியாது என்றுவிட்டது. கிட்டே நின்றாள், தள்ளி நின்றாள், தலைத்துணியை எடுத்துவிட்டு நின்றாள். பின்னால் வரிசையில் ஒருத்தி, "அக்கா, ஒரு தடவை சிரிச்சுக் காட்டு, அதுக்கு உன்மேல ஏதோ கோவம்" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். முழு நாளும் வேலை செய்தாள். பதிவில் வரவில்லை என்று இருக்கிறது.

மார்ச் 19
இன்று நான்காவது நாள். காலையில் அம்மா கண்ணாடி முன்னால். முகத்தில் பவுடர், புருவத்தில் என் மை. காதோரத் தோலை இழுத்துத் தலைமுடியோடு கிளிப் போட்டு, மேலே துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"இப்போ அந்தப் படம் மாதிரி இருக்கேனா?"
"மெஷின்தாம்மா ஓட்டை. நம்மள மாதிரி ஆளுங்க மூஞ்சி அதுக்கு எங்க தெரியும்?" என்றேன். நிறைய கத்தினேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி வரைக்கும் போகும், என் வேலையும் போகும்.

மார்ச் 22
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 24
மேற்பார்வையாளர் அம்மாவை நிறுத்திவிட்டார். படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எங்க? அவளுக்குப் பதிலா நீ வர்றியா?" என்று கேட்டாராம். ஆள்மாறாட்டம்! அம்மா அம்மாவாக நடிக்கிறாளாம்.
"பதினாறு வருஷமா உங்க வெள்ளைக் கோட்டை நான்தானே சார் தேய்க்கிறேன்" என்றிருக்கிறாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததே இன்றுதான் போலிருக்கிறது.

மார்ச் 25
மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. முதல் நாளே வந்திருந்தா படத்தை மாத்தியிருக்கலாம்" என்றார். முதல் நாளே.
முதலாளியிடமும் சொன்னேன். "இனிமே அடையாளப் படத்துப் பக்கம் வராத" என்றார். அவ்வளவுதான். இதற்கா ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்?
கடைசியாக அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 2
அம்மா சாதாரணமாகத்தான் பேசுகிறாள். கண்ணாடியை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 18
ஒரு மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் வாசலில் அதே இயந்திரம், அதே மாதிரிப் படம். முதலாளியிடம் கேமராவை இரவல் வாங்கிவந்து, சுவரில் வெள்ளைப் போர்வை கட்டினேன். அம்மா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பவுடர் இல்லை, கிளிப் இல்லை.
"நேராப் பாரும்மா."
பார்த்தாள். "அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட தெரிஞ்சவங்கன்னு சொன்னியே, எனக்குக் கேட்டுச்சு."
நான் கேமராவை இறக்கவில்லை.
"போகட்டும். என் மூஞ்சில எதையெல்லாம் எடுத்த? இங்க வா. வெரல் வெச்சுக் காட்டு."
ஜன்னல் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. எல்லாம் அங்கேயே இருந்தன. ஒன்றுகூட எனக்குப் புதிது இல்லை.
"காட்டுடி" என்றாள்.