மூன்று மணிக்கு முன் மாற்றிய கம்பி

12-2-1938

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

மகன் தியாகராசா வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி என்று அறிய ஆவல்.

இங்கே தபாற்கந்தோரில் புதிய டெலிபோன் பலகையைப் பூட்டி முடித்துவிட்டோம். பழைய பலகையிலிருந்து கம்பிகளைச் செவ்வாய் மூன்று மணிக்கு மாற்றும்படி போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அது இராகுகாலம் அல்லவா? நீங்கள் குறித்தனுப்பிய நேரப்படி, ஒருவருக்கும் சொல்லாமல், இரண்டரைக்கே ஒரு கம்பியை மாற்றித் தொடக்கிவைத்தேன். அது டாக்குத்தர் வீட்டுக் கம்பி.

அந்த நேரம் பார்த்து, பாம்பு கடித்த பிள்ளைக்காகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. பழைய பலகையில் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த எங்கள் நல்லூர்க் கனகலிங்கம் அண்ணை டாக்குத்தரை அழைத்து அழைத்துக் களைத்துப்போனார். கம்பிதான் அங்கே இல்லையே! பிறகு ஆள் ஓடித்தான் டாக்குத்தரைக் கூட்டிவந்தது. பயப்படாதீர்கள், பிள்ளை பிழைத்துவிட்டது.

“நித்திரை கொண்டனீரோ?” என்று போஸ்ட்மாஸ்டர் கத்தினார்.

“இல்லை சேர், மணி அடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்” என்றார் அண்ணை.

நான் கம்பி முறுக்கும் குறட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அண்ணையை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். அவருடைய கதிரையில் இப்போது என்னை இருத்தியிருக்கிறார்கள்.

இங்கே கடுங்குளிர். பழைய கம்பளியைப் பார்சலில் அனுப்புங்கள். இனி நேரம் குறித்து அனுப்ப வேண்டாம்.

அண்ணை ரயிலுக்குப் புறப்பட்டு வாசலில் நிற்கிறார். “வீட்டுக்கு ஏதும் குடுத்துவிடப் போறியோ தம்பி?” என்று அவராகவே கேட்டார். இக்கடிதத்தை அவர்தான் கொண்டுவந்து தருவார். அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுங்கள். அவர் இருக்கும்போது மட்டும், வழக்கம்போல் சத்தமாக வாசித்துவிடாதீர்கள்.

தியாகராசா